அரைப்பதம்

ராணிப்பேட்டையில் 'சிப்காட்' என்பது ஒரு இடத்தின் பெயர். பஸ்ஸில் ஏறி "சிப்காட் ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கலாம். "எங்க வீடு சிப்காட் பக்கம்" என்று பொண்ணு பார்க்க வருபவர்களிடம் சொல்லலாம். அது 1971-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம் என்பதே எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும்.

2009-ல் வேலைக்குச் சேர சென்னைக்குப் போனேன். பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரியில் இறங்கினால் அதே பெயர். சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. எங்க ஊர் சிப்காட்டில் பஸ் நின்றதும் தோலும் ரசாயனமும் மூக்கில் ஏறும். இங்கே கண்ணாடிக் கட்டடங்கள், புல்தரை, எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை. அன்றைக்கு வீட்டுக்குப் போன் பண்ணி, "நைனா, நானும் சிப்காட்லதான் வேல செய்றேன்" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

நைனா 1978-லிருந்து டேனரியில் இருந்தவர். குரோம் ஏறி நீலமாக வெளிவரும் ஈரத்தோலுக்கு 'வெட் புளூ' என்று பெயர். அதை மேஜையில் விரித்துப்போட்டு, கட்டைவிரலால் தடவி, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், தோலை உரிக்கும்போது விழுந்த கத்திவெட்டு எல்லாவற்றையும் பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. அசார்ட்டர் என்பார்கள். ஒரு தோலுக்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் சில விநாடிதான். அந்தச் சில விநாடிக்கான பழக்கம் வர எட்டு வருடம் ஆனது என்பார்.

கேம்பஸ் இன்டர்வியூவில் "அப்பா என்ன செய்றார்?" என்று கேட்டார்கள். "லெதர் எக்ஸ்போர்ட்" என்றேன். அதில் எந்தச் சொல்லும் பொய்யில்லை. ஆனால் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எங்க பக்கத்துப் பசங்க எல்லாருக்கும் தெரியும். வடாற்காட்டில் தோல் என்றால் அடுத்த கேள்வி சாதி. டேனரி முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம் வியாபாரக் குடும்பங்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். சம்பளம் அதிகம் என்பதால் மட்டும் நாங்கள் சாஃப்ட்வேருக்குப் போகவில்லை. அந்த வேலையில் சட்டையில் வாசனை ஒட்டாது. இதை யாரும் வெளியே சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் கழித்து, பொங்கல் லீவில் நைனா ஒரு கேள்வி கேட்டார். "நீ செய்றத கடைசில யாருடா போட்டுக்குவாங்க?" எனக்குப் புரியவில்லை. அவர் பிரித்த தோல் எங்கேயோ ஷூவாகும், ஒருத்தர் காலில் ஏறும். என்னுடையது? வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் கிளெய்ம் கணக்கில் ஒரு மூலை. அதன் மொத்த வடிவத்தை நான் பார்த்ததே கிடையாது. எங்களிடம் ஒரு தாள் வரும், அதில் சொன்னபடி எழுதி அனுப்புவோம். மீதியை அங்கே இருப்பவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன்.

"அப்ப நீயும் இ.ஐ.தான் பண்ற" என்றார்.

*

இ.ஐ. என்றால் ஈஸ்ட் இந்தியா. மெட்ராஸ் மாகாணத்தின் பழைய பதனிடும் முறை அது. ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காய் போட்டு, எண்ணெய் தடவி, அரைகுறையாக முடித்து அனுப்பிவிடுவது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது இந்தச் சரக்கு. அங்கே ஏலம் விடுவார்கள். வாங்கியவர்கள் சாயம் ஏற்றி, மெருகு போட்டு, தைத்து, தங்கள் பெயரைக் குத்தி விற்பார்கள். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்கு மெட்ராஸ் தோல் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்து, அரசாங்கமே மொத்தமாக வாங்கிக்கொண்டது.

தோலின் விலையில் பெரிய துண்டு கடைசிக் கட்டங்களில்தான் இருக்கிறது. நாற்றம், தண்ணீர், உப்பு, சுண்ணாம்பு எல்லாம் முதல் கட்டங்களில். பாலாற்றங்கரைக்கு முதல் பாதி வாய்த்தது.

இந்த ஏற்பாடு சுதந்திரத்துக்குப் பிறகும் கால் நூற்றாண்டு ஓடியது. 1948-ல் சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஆராய்ச்சி நடந்தது, ஆள் படித்தார்கள், ஆனால் வியாபாரம் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. அரைப்பதத் தோலுக்கு வெளிநாட்டில் எப்போதும் ஆள் இருக்கும்போது முதலாளி எதற்குப் புது மெஷின் வாங்கிப்போட வேண்டும்? 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா கமிட்டி என்று ஒன்றை மத்திய அரசு போட்டது. அதன் பரிந்துரையை ஒட்டி 1973-ல் விதி மாறியது. பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை. அரைப்பதத் தோலுக்கு அளவுக் கட்டுப்பாடு. முழுசாக முடித்த தோலாக, ஷூவாக, பையாக அனுப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பத்து வருடத்தில் எங்க பகுதியில் என்ன நடந்தது என்பதை நைனா தலைமுறையிடம் கேட்டால் கதை கதையாக வரும். ஆவாரம்பட்டை மட்டும் தெரிந்தவர்கள் குரோம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சாயம் கலக்க, ஸ்பிரே அடிக்க, இஸ்திரி போட ஆள் தேவைப்பட்டது. நைனா 1978-ல் சேர்ந்ததே இந்த அலையில்தான். ஆம்பூரில் ஷூ பேக்டரிகள் வளர்ந்தன. டேனரிக்குள் அதிகம் வராத பெண்கள் தையல் மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். இன்றைக்கும் விடியற்காலையில் சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து கம்பெனி வேன்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ஷூ மேல் இருக்கும் பெயர் இன்னும் வெளிநாட்டுப் பெயர்தான் பெரும்பாலும். இருந்தாலும் முழு ஷூ இங்கிருந்து போகிறது.

இப்போது அதே வருடங்களில் டெல்லியில் வேறொரு மேஜையில் நடந்ததைப் பாருங்கள். அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. கம்ப்யூட்டர் இறக்குமதி செய்ய வேண்டுமா, அதற்கு ஈடாக மென்பொருளை ஏற்றுமதி செய்து டாலர் கொண்டு வா என்று 1970களின் தொடக்கத்தில் ஒரு திட்டம். 1968-ல் தொடங்கியிருந்த டாடா கன்சல்டன்சி, எஃப்.சி. கோலியின் தலைமையில், 1974-ல் அமெரிக்காவின் பர்ரோஸ் கம்பெனிக்காக வேலை செய்ய ஆரம்பித்தது. இந்திய சாஃப்ட்வேர் ஏற்றுமதியின் தொடக்கம் என்று இதைத்தான் எழுதுகிறார்கள்.

தோல்காரனிடம் "அரைகுறையா அனுப்பாதே" என்று சொன்ன அதே அரசாங்கம், அதே டாலர் கவலையில், சாஃப்ட்வேர்காரனிடம் "எப்படியாவது அனுப்பு" என்றது. குற்றம் சொல்லவில்லை. கம்ப்யூட்டரே இல்லாத நாட்டில் அன்றைக்கு வேறு வழியும் இருந்திருக்காது. சீக்கிரமே ஆளையே அனுப்ப ஆரம்பித்தார்கள். அங்கே போய், அவர்கள் ஆபீசில் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதை எழுதுவது. 'பாடி ஷாப்பிங்' என்று அந்த வியாபாரத்துக்கே பெயர் வைத்தார்கள். தோல் விஷயத்தில் வந்த கமிட்டி இதில் வரவே இல்லை. 1984-ல் கம்ப்யூட்டர் கொள்கை, 1991-ல் சாஃப்ட்வேர் பூங்காக்கள், பிறகு வரிச்சலுகைகள் என்று வந்ததெல்லாம் அனுப்புவதை எளிதாக்குவதற்குத்தான். எதை அனுப்புகிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

*

எங்க பகுதியிலிருந்து சாஃப்ட்வேருக்குப் போனவர்களின் கதையில் ஒரு விசித்திரம், அதற்கும் தோல் காசுதான் வழி போட்டது. பாலாற்றுக்குத் தெற்கே மேல்விஷாரம். அந்த ஊர்த் தோல் வியாபாரி நவாப் சி. அப்துல் ஹக்கீம், 1938-ல் இறந்தவர், பெரிய கொடையாளி. அவர் பெயரில் 1965-ல் மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒரு கலைக் கல்லூரியைத் தொடங்கியது. 1998-ல் அதே பெயரில் ஒரு பொறியியல் கல்லூரி. வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919-லேயே வந்துவிட்டது. வேலூரில் 1984-ல் ஜி. விஸ்வநாதன் 180 மாணவர்களோடு தொடங்கிய வேலூர் பொறியியல் கல்லூரி 2001-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி வி.ஐ.டி. ஆனது. இன்று நாடு முழுவதிலிருந்தும் அங்கே படிக்க வருகிறார்கள். எங்க தெருவிலிருந்து போனவர்களைத்தான் விரல்விட்டு எண்ணலாம். ஃபீஸ் அப்படி.

1998, 99-ல் ஒய்-டூ-கே என்ற சொல் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. 2000 பிறந்தால் பழைய கம்ப்யூட்டர்கள் வருடத்தைத் தப்பாகப் படிக்கும் என்ற பயத்தில், அமெரிக்க பேங்குகளும் கம்பெனிகளும் கோடிக்கணக்கான வரிகளைத் திருத்த ஆள் தேடின. கோபால் மொழி தெரிந்தால் விமானம் ஏறலாம். எஸ்.எஸ்.ஐ., ஆப்டெக், என்.ஐ.ஐ.டி. போர்டுகளின் காலம் அது. அமெரிக்கா எச்-1பி விசாவின் வருட வரம்பை 65,000-லிருந்து 1,15,000 ஆக்கி, பிறகு 1,95,000 ஆக்கியது. வயலை விற்றுக் கோர்ஸில் சேர்ந்தவர்களை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். 2001-ல் டாட்காம் வெடித்தது. 2004-ல் விசா வரம்பு மறுபடி 65,000. போனவர்களில் பலர் திரும்பினார்கள். இரா. முருகனின் 'மூன்று விரல்' படித்திருந்தால் அந்தக் காலத்து மனநிலை பிடிபடும். பிறகு விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை' வந்தது. தோலுக்கு டி. செல்வராஜின் 'தோல்' இருக்கிறது. ஆனால் அது திண்டுக்கல் கதை. எங்க பாலாற்றங்கரைக்கு அந்த அளவில் ஒரு நாவல் இன்னும் பாக்கி.

அந்தக் கோபால்காரர்கள் காணாமல் போனார்கள் என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருத்தர் இன்றும் அதையேதான் எழுதுகிறார், நல்ல சம்பளம். பேங்குகளின் அடிமட்டத்தில் அது இன்னும் ஓடுகிறது. ஆவாரம்பட்டைத் தோலும் அப்படித்தான், ரசாயனம் வேண்டாம் என்கிறவர்கள் தேடி வாங்குகிறார்கள், இ.ஐ. லெதருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பழைய தொழில் சாவதில்லை. அதற்குத் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கைதான் செத்துவிடுகிறது.

2007-ல் பொறியியல் நுழைவுத்தேர்வு ஒழிந்தது. 2010-ல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2011 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப். எனக்குப் பின்னால் வந்த டேனரி வீட்டுப் பிள்ளைகள் இந்த மூன்று படியிலும் ஏறித்தான் வந்தார்கள். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ஏலகிரி எக்ஸ்பிரஸுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து இந்த ஸ்டேஷனுக்குத்தான் வந்தது. லேப்டாப் பை தூக்குகிறவர்களுக்கு அது ஞாபகம் இருக்க நியாயமில்லை.

*

அரைப்பதத்திலிருந்து முழுப்பதத்துக்குப் போன சாஃப்ட்வேர் கதை தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. 1996-ல் ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் தொடங்கிய அட்வென்ட்நெட், தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் மென்பொருள் விற்றது. அதுவும் ஒரு வகையில் அடுத்தவர் பொருளுக்குள் போகிற சரக்குதான். 2001-ல் டாட்காம் வெடித்தபோது அந்த வாடிக்கையாளர்களே காணாமல் போனார்கள். கம்பெனி ஆளைக் குறைத்துச் சுருங்கிப் போவதற்குப் பதில் நேரடியாகப் பயன்படுத்துபவர்களுக்கான மென்பொருளைத் தன் பெயரிலேயே செய்ய ஆரம்பித்தது. முதலில் மேனேஜ்எஞ்சின், 2005-ல் ஜோஹோ. 2009-ல் கம்பெனி பெயரே ஜோஹோ ஆனது. அங்கே வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. ஜோஹோ பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, வேலையைக் கற்றுக்கொடுத்து, அங்கேயே வைத்துக்கொண்டது. தோல் ஷாப்பில் சின்னப்பையனாகச் சேர்ந்து குழியிலிருந்து மேஜைவரை எல்லாம் கற்றவர்கள் எங்க ஊரில் நிறைய. அதனால் இந்த ஏற்பாட்டை நைனாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "அப்படித்தானே கத்துக்க முடியும்?" என்றார்.

என் வேலை அந்தப் பக்கம் போகவில்லை. நான் படித்து முடித்தது 2008. ஆபர் லெட்டர் கையில், உலகம் முழுக்க பேங்குகள் சரிந்துகொண்டிருந்தன. சேரும் தேதி பத்து மாதம் தள்ளிப்போனது. அந்தப் பத்து மாதத்தில் நைனா ஒரு தடவைகூட எதுவும் கேட்கவில்லை. பிறகு சேர்ந்து டெஸ்டிங், அதற்குப் பிறகு ஜாவா, அதற்கும் பிறகு கிளவுட். ஒவ்வொன்றும் நாலைந்து வருடம். தாக்குப்பிடித்தது திறமையால்தான் என்று மேடையில் சொல்லலாம். உள்ளது என்னவென்றால், இரண்டு தடவை சரியான நேரத்தில் டீம் மாற்றிவிட்டார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் நானாகச் செய்தேன். நைனா கேட்ட கேள்விக்குப் பிறகு, என் மூலைக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். யார் காசு கட்டுகிறார்கள், எங்கே தப்பானால் யாருக்கு கிளெய்ம் நின்றுபோகிறது. மேனேஜர்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆட்குறைப்பு வரும்போது அந்தத் தொல்லை பிடித்தவனைத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முழுப்பதம் என்றால் எல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. 1973-க்குப் பிறகு குரோம் பெருகியபோது அதன் கழிவும் பெருகியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாலாறு கெட்டதற்கு டேனரிகள் பொறுப்பேற்க வேண்டும், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எவரும் அந்த வழக்கைப் படிக்காமல் பாஸாக முடியாது. குரோமிய உப்பு தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை மூடியபோது ராணிப்பேட்டையில் விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். சரக்கு ஊரைவிட்டுப் போகும், சேறு போகாது.

2015 ஜனவரி 31 விடியற்காலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த இளைஞர்கள். எங்க பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்டதால் அந்த இடத்துக்கு வந்தவர்கள் அவர்கள். அன்று காலை அலுவலகத்தில் டிவியில் பார்த்துவிட்டு நைனாவுக்கு அடித்தேன். "நான் வூட்லதான் கீறேன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

அதே ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், டாடா கன்சல்டன்சியின் கர்ப்பிணிப் பெண் ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. சாஃப்ட்வேர்காரனும் தொழிலாளிதானா என்ற கேள்வியை அப்போதுதான் பல பேர் முதல்தடவை சத்தமாகக் கேட்டார்கள். 2016-ல் தமிழ்நாடு அரசு, தொழிற்தகராறு சட்டத்திலிருந்து ஐ.டி. கம்பெனிகளுக்கு விலக்கு எதுவும் இல்லை, சங்கம் வைக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் அந்தச் செய்தியைப் பார்த்து முகம் சுளித்தார்கள். தொழிலாளி என்ற சொல்லிலிருந்து தப்பித்து வருவதற்குத்தானே இவ்வளவு தூரம் படித்தது? நானும் அன்றைக்கு எதிலும் சேரவில்லை. நைனா கடைசிவரை சங்கத்தில் சந்தா கட்டியவர்.

*

2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. அதிகமும் நடுமட்டத்திலும் மேல்மட்டத்திலும் இருப்பவர்கள். என் வயசுக்காரர்கள். நான் இருப்பது வேறு கம்பெனி. ஆனால் எங்க வாட்ஸ்அப் குழுவில் அன்று இரவு யாரும் தூங்கவில்லை.

இப்போது என் வேலையில் பாதி, இயந்திரம் எழுதித் தரும் நிரலைப் படித்துப் பார்ப்பது. பார்க்க அழகாக இருக்கும், ஓடவும் ஓடும். ஒரு இடத்தில் கைவைத்தால் உள்ளே கத்திவெட்டு இருக்கும். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது இதை நைனாவிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"பத்துல எத்தன தள்ளுவ?"

"ரெண்டு, மூணு."

"பாத்தவுடனே தெரியுமா?"

"தெரியும். எப்பிடின்னு கேட்டா சொல்லத் தெரியாது."

தலையாட்டினார். அது அவருக்குத் தெரிந்த பதில். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "எழுதறத மெஷினு எழுதிட்டா, புதுசா வர்ற பசங்க எதத் தடவிப் பாத்துடா கத்துப்பாங்க?"

எங்க டீமில் கடைசியாகக் கல்லூரி முடித்த ஒருவர் புதிதாகச் சேர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதை அவரிடம் சொல்லவில்லை. ஆறரை மணிக்கு வாலாஜா பஸ் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.